வெட்டவா, வைக்கவா?

மஹீராவின் வீட்டில் கல்யாணம் நடக்காத நாளே கிடையாது.

காலையில் அவள் பல் துலக்கும்போது யாரோ ஒரு மாப்பிள்ளை குதிரை வண்டியில் வந்து இறங்கிக்கொண்டிருப்பார். மாலையில் பள்ளி விட்டு வரும்போது யாரோ ஒரு மணப்பெண் அழுதுகொண்டே காரில் ஏறுவார். நடுவில் ஒரு நிக்காஹ், சர்ச்சில் ஒரு மோதிரம் மாற்றல். எல்லாம் அம்மாவின் கம்ப்யூட்டர் திரையில்தான்.

அத்தா காலித் கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுப்பார். அம்மா ஜஹானாரா அதை எடிட் செய்வார். கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு பிளைவுட் கடைக்கு மேலே மாடியில் அவர்கள் வீடு. முன்னறைதான் எடிட்டிங் ரூம். கீழே பஸ் போனால் மேசை லேசாக அதிரும். திரையில் இருக்கும் மணமக்களும் கூடவே அதிர்வார்கள்.

அத்தா கொண்டுவருவது மூட்டை மூட்டையாக இருக்கும். ஒரு நாள் முழுக்க நடந்ததை அம்மா சின்னப் படமாகச் சுருக்க வேண்டும். தூங்கி விழும் பெரியவர்கள், வாயில் லட்டை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து முழிப்பவர்கள், ஒரே குழந்தையை ஒன்பது கைகள் மாற்றி மாற்றி வாங்குவது என்று எல்லாவற்றையும் பார்த்து, எதை வைக்கலாம், எதை வெட்டலாம் என்று அம்மா யோசித்து யோசித்துச் செய்வார்.

வெட்டியதெல்லாம் 'மிச்சம்' என்ற ஃபோல்டருக்குள் போகும். வீட்டுப்பாடம் முடிந்ததும் மஹீரா அந்த மிச்சத்தைத்தான் ஆசையாகப் பார்ப்பாள். முழுப் படத்தைவிட அதில்தான் வேடிக்கை அதிகம்.

அந்த ரூமுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது.

"இங்க பாத்தது இங்கயே இருக்கணும், மஹீரா. கல்யாண வீட்டுல சிரிப்பும் இருக்கும், சண்டையும் இருக்கும். நம்மள நம்பிக் குடுக்கறாங்க. வெளிய பேசக் கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தார்.

அந்தச் சட்டம் மஹீராவுக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. பானு அக்காவின் கல்யாண வீடியோ வரும்வரை.

பானுப்பிரியா அக்கா, மஹீராவின் வகுப்பில் படிக்கும் சரணின் பெரியப்பா மகள். கல்யாணம் சரணின் வீடு இருக்கும் சென்னீர்குப்பத்தில், ஹைவேயை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. லாரி ஹாரன் இல்லாத ஒரு காட்சிகூட அதில் கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் அடித்த ஹாரனை எடுத்துவிட்டு, அங்கே நாதஸ்வரத்தை வைக்கவே அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

ரிசப்ஷனில் சரண் ஒரு டான்ஸ் ஆடியிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

"மஹீரா, என் டான்ஸ் வந்துச்சா? கண்ணாடி போட்டுகினு ஆடினேனே, அது நல்லா தெரியுதா?" என்று தினமும் கேட்பான்.

அந்த டான்ஸை மஹீரா பலமுறை பார்த்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேகமாகச் சுற்றுவான். கீழே கிடந்த ரோஜா இதழ்களில் கால் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிடுவான். ஆனால் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டான். உட்கார்ந்தபடியே கைகளை வீசி, அதையும் டான்ஸில் சேர்த்துவிடுவான். மேடையில் நின்ற பானு அக்கா, மணப்பெண் என்பதையே மறந்து, கழுத்து மாலை குலுங்கக் குலுங்கச் சிரிப்பார்.

அம்மாவுக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. "இந்தப் படத்துக்கே இதுதான் உசுரு" என்றார்.

ஒரு மாலை, பானு அக்காவின் அப்பா தேவராஜ் படியேறி வந்தார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். தோளில் டிபன் பை தொங்கியது.

"இன்னாம்மா, வீடியோ எந்த மட்டுல கீது?" என்று கேட்டார்.

"முக்கால்வாசி முடிஞ்சிடுச்சுண்ணே. வந்து பாருங்க" என்று அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

திரையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சரணின் அப்பா ஏழுமலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு இலை இலையாக ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். 'மெஷின் தின்னுடுச்சு' என்று சரண் ஒருமுறை சொல்லியிருந்தான். அந்தக் கையால்தான் எல்லாருக்கும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

தேவராஜின் முகம் மாறிவிட்டது.

"இவன் வேணாம்மா."

"யாருண்ணே?"

"இவந்தான். என் தம்பி. அவன் மூஞ்சி எங்கியும் தெரியக் கூடாது. அவன் பொண்டாட்டி, புள்ள, யாரும் வேணாம். எட்த்துடு."

மூலையில் உட்கார்ந்திருந்த மஹீராவின் பென்சில் அப்படியே நின்றது.

"கூடப் பொறந்தவராச்சேண்ணே" என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

"அவன் அப்டி நெனைக்கலையே. மேடைல குடும்ப போட்டோவுக்கு அவனக் கூப்புடலையாம். அந்தக் கோவத்துல மறுவீட்டு விருந்துக்கு வரல. சம்பந்தி வூட்டுக்காரங்க 'எங்க உங்க தம்பி'ன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது? அந்தக் கூட்டத்துல யாரு மேடைல கீறாங்க, யாரு இல்லன்னு எனக்கு எப்டித் தெரியும்? வேணும்னா வுட்டேன்?"

தேவராஜ் டிபன் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். குரல் இறங்கியது.

"அதகூட வுடும்மா. எம் பொண்ணு வண்டி ஏறிப் போச்சு பாரு, அந்த நேரத்துல எனக்கு நிக்க முடியல. அப்பகூட அவன் என் பக்கத்துல இல்ல. அதாம்மா எனக்கு ஆறல."

அம்மா ஓடிக்கொண்டிருந்த பந்தியை நிறுத்தினார். பிறகு, "சரிண்ணே. எடுத்துடறேன்" என்றார்.

எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

ஏழுமலை இல்லாத இடமே அந்தக் கல்யாணத்தில் இல்லை. தட்டு ஏந்தி எல்லாருக்கும் அட்சதை கொடுத்தது அவர். வாசலில் மாப்பிள்ளைக்கு வியர்த்தபோது துண்டால் விசிறியது அவர். கரண்ட் போனபோது ஜெனரேட்டர் பக்கம் ஓடியதும் அவர்தான். ஒரு காட்சியில் அவரை மறைக்க, அம்மா படத்தைப் பெரிதாக்கி அவரைத் திரைக்கு வெளியே தள்ளிப் பார்த்தார். ஏழுமலையோடு மாப்பிள்ளையின் ஒரு காதும் போய்விட்டது.

"அம்மா, அவர் மூஞ்சி மேல ஒரு ரோஜாப்பூவ வச்சிடலாமா? கல்யாண வீடியோல பூ பறக்கும்ல?" என்று மஹீரா கேட்டாள்.

"வைக்கலாம். அப்புறம் ஒரு ரோஜாப்பூ வேட்டி கட்டிக்கிட்டு சோறு போடுதுன்னு எல்லாரும் பேசுவாங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சரணின் டான்ஸையும் எடுத்தாயிற்று. பானு அக்காவின் சிரிப்பு மட்டும் தனியாக நின்றது. அதை வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் யாரையாவது பார்த்துத்தானே சிரிக்க முடியும்? அம்மா தேடித் தேடி, பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அதற்கு முன்னால் வைத்தார்.

இப்போது பெரியவர் அப்பளம் நொறுக்கினார். பானு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லாவே இல்லம்மா" என்றாள் மஹீரா.

"எனக்கும் தெரியுது" என்று அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் மதியம், பள்ளி மரத்தடியில் சரண் தன் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வீடியோ எப்ப வரும்?"

"அம்மா இன்னும் முடிக்கல."

"சீக்கிரம் முடிக்கச் சொல்லு மஹீரா. பெரியப்பா இப்பல்லாம் எங்க வூட்டுக்கே வர்றதில்ல. அப்பாவும் போறதில்ல. வீடியோ வந்துச்சுன்னா எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம்ல? நான் விழற எடம் வந்தா பெரியப்பா கண்டிப்பா சிரிச்சிடுவாரு. சிரிச்சிட்டாருன்னா அப்பால சரியாயிடும்."

மஹீரா கையிலிருந்த இட்லியைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். உன் டான்ஸ் அதில் இல்லை என்று சொல்லவும் முடியாது. இருக்கிறது என்று பொய் சொல்லவும் முடியாது. தன் டிபனில் மீதியிருந்த முட்டையை எடுத்து அவன் டப்பாவில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றான் சரண்.

"எனக்குப் பசிக்கல."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் மிச்சம் ஃபோல்டரைத் திறந்தாள். வேடிக்கை பார்க்கும் எண்ணம் அன்று இல்லை. சரணும் அவன் அப்பாவும் வெட்டப்பட்டு அங்கேதான் கிடந்தார்கள். அவர்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு நீளமான துண்டு. பானு அக்காவின் கார் கிளம்பிப் போய்விட்டது. அத்தா கேமராவை அணைக்க மறந்து, தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்திருக்கிறார். தரை, செருப்புகள், வாழை இலைக் குவியல் எல்லாம் சாய்வாக ஆடிக்கொண்டே வந்தன. பிறகு அத்தா கேமராவை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது. படம் ஆடாமல் நின்றது.

மண்டபத்தின் பின்பக்கம். கவிழ்த்துப் போட்ட ஓர் அண்டாவின்மேல் தேவராஜ் தனியாக உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின.

மஹீரா இதற்கு முன் பெரியவர்கள் அழுது பார்த்திருக்கிறாள். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அழும் ஒருவரைப் பார்த்ததில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள்.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கையில் ஒரு டம்ளர் தண்ணீர். ஆள் திரைக்கு வெளியே இருந்தார். முகம் தெரியவில்லை. சாம்பார் தெறித்த வேட்டியின் நுனி மட்டும் தெரிந்தது.

தேவராஜ் நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே டம்ளரை வாங்கினார். அந்தக் கை அவர் முதுகில் போய் உட்கார்ந்தது. மேலும் கீழுமாகத் தடவிக்கொடுத்தது. வெகுநேரம் தடவியது. பிறகு தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டது.

தேவராஜ் துண்டை எடுத்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

மஹீரா படத்தைப் பின்னால் ஓட்டினாள். முதுகில் கை வைத்த இடத்தில் நிறுத்தினாள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"அம்மா, இங்க வாங்களேன்."

அம்மா பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார்.

"பக்கத்துல இல்லன்னு சொன்னாரே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"இத அவருகிட்ட காட்டலாம்மா."

"அவசரப்படாத. எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டோம். அண்ணன் தம்பி விஷயத்துல நாம போய் நுழைஞ்சா நல்லா இருக்காது. அதுவும் அவர் அழறத நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சா எவ்ளோ சங்கடப்படுவாரு?"

மஹீரா யோசித்தாள். அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கையை மிச்சத்துக்குள் திரும்பப் போட அவளுக்கு மனமில்லை.

"அவர் என்னம்மா சொன்னாரு? மூஞ்சி தெரியக் கூடாதுன்னுதான சொன்னாரு? இதுல மூஞ்சியே தெரியல. கை மட்டும்தான் தெரியுது. அப்போ இத வெட்டறதா, வைக்கறதான்னு அவரத்தானே கேக்கணும்?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நாம எதுவும் சொல்ல வேணாம்மா. கேட்டா போதும்" என்றாள் மஹீரா.

"வெள்ளிக்கிழம படம் பாக்க பானுவும் கூட வருவா. அவ முன்னாடி போடக் கூடாது."

"போட மாட்டேன். அவருக்கு மட்டும்."

அம்மா வெகுநேரம் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "சரி. கேளு. கேக்கறதோட நிறுத்திக்கணும். சரண் பாவம், அவங்கப்பா பாவம்னு ஒரு வார்த்த வரக் கூடாது."

"வராது."

வெள்ளிக்கிழமை மாலை தேவராஜ் மகளோடு வந்தார். பானு அக்கா அம்பத்தூரில் மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தார். கையில் மருதாணி இன்னும் முழுதாகப் போகவில்லை.

படம் ஓடியது. பானு அக்கா முதலில் ஒவ்வொன்றையும் பார்த்துப் பூரித்துக்கொண்டே வந்தார். ரிசப்ஷன் வந்தது. பெரியவர் அப்பளம் நொறுக்கினார். திரையில் பானு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

நாற்காலியில் இருந்த பானு அக்கா சிரிக்கவில்லை.

"நான் எதுக்கு அந்தத் தாத்தா அப்பளம் சாப்புடறதப் பாத்து சிரிக்கிறேன்? சரண் விழுந்தானே, அதுக்குத்தான சிரிச்சேன்?" கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தார். "அப்பா, சித்தப்பா எங்க? ஒரு எடத்துலகூட காணோம்."

தேவராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் வேணாம்னேன்."

"என் கல்யாணம்பா இது" என்றார் பானு அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கீழே போன பஸ் சத்தத்தையும் தாண்டி அது கேட்டது.

"பானு, டீ போடப் போறேன். வாயேன், கொஞ்சம் இஞ்சி தட்டிக் குடு" என்று அம்மா எழுந்தார். பானு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்.

மஹீரா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மவுசைப் பிடித்தாள்.

"அங்கிள், ஒரு துண்டு பத்தி உங்களக் கேக்கணும். மூஞ்சி தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. இதுல மூஞ்சி தெரியல. கை மட்டும்தான் தெரியுது. வெட்டவா, வைக்கவா?"

"இன்னா கையி? போடு பாப்பா, பாப்போம்."

அவள் போட்டாள். அவரைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாண வீடியோவிலிருந்தா, வெளியிலிருந்தா என்று தெரியவில்லை.

"மறுபடி போடு" என்றார் தேவராஜ்.

மறுபடி போட்டாள்.

இந்த முறை அவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். முதுகைத் தடவும் அந்தக் கையின் மேல், பாதி விரல் இருந்த இடத்தில், தன் விரலை வைத்தார்.

"பாடி கம்பெனில போன வெரலு இது. அன்னிக்கு நான்தான் அவனத் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி குட்த்தது உங்க அத்தாவோன்னு நெனச்சேன் பாப்பா. தல நிமுந்து பாக்கல. பாத்திருக்கணும்."

மஹீராவுக்கு நாக்கு நுனி வரை வார்த்தைகள் வந்தன. சரண் சொன்னது, மரத்தடி, முட்டை எல்லாம் வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கேட்டாயிற்று. பதில் அவர்தான் சொல்ல வேண்டும்.

"வை பாப்பா" என்றார் தேவராஜ், திரையிலிருந்து விரலை எடுக்காமல்.

"வச்சா பானு அக்கா பாப்பாங்க அங்கிள். நீங்க அழறது தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். பொண்ணு போனா அழ மாட்டானா மனுஷன்?"

டீ வருவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பானு அக்கா டம்ளரோடு வந்து, "அப்பா எங்க?" என்று கேட்டார். மஹீராவுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தேவராஜின் வண்டி சென்னீர்குப்பம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வீடு அந்தப் பக்கம் இல்லை.

திங்கட்கிழமை காலை பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே சரண் அவளைத் தேடிக்கொண்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"வெள்ளிக்கிழம பெரியப்பா வந்தாரு, மஹீரா."

"வந்து?"

"உள்ள வரல. வாசல்லயே நின்னுகினு 'ஏழுமல, கொஞ்சம் தண்ணி குடு'ன்னாரு. அப்பா ஒண்ணும் பேசாம எட்த்தாந்து குட்த்தாரு. பெரியப்பா தண்ணிய குடிக்கவே இல்ல. அப்பா கையப் புடிச்சிகினு அப்டியே நின்னுட்டாரு."

"அப்புறம்?"

"'போட்டோவுக்கு ஏன் என்னக் கூப்புடல'ன்னு அப்பா கேட்டாரு. 'நீ பந்தில இருந்த, எனக்குத் தெரியலடா'ன்னு பெரியப்பா சொன்னாரு. 'தெரியலன்னா தேடி இருக்கணும்'னு அப்பா சொன்னாரு. பெரியப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஆமாண்டா, தேடி இருக்கணும்'னாரு. அப்பாவும் 'நானும் விருந்துக்கு வந்திருக்கணும்ணா'ன்னாரு. அப்பால ரெண்டு பேரும் உக்காந்து சாப்ட்டாங்க. அவசரத்துல அம்மா சாம்பார்ல உப்பே போடல. ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொல்லல. நான் சொன்னதுக்கு என்ன மொறைக்கிறாங்க."

மஹீரா சிரித்தாள். வகுப்பில் ஆசிரியர் வந்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எதுக்கு இப்டி சிரிக்கிற?" என்று சரண் காதோரம் கேட்டான்.

"உப்பில்லாத சாம்பார நெனச்சேன்" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா ஏற்கெனவே வேலையில் இருந்தார். தேவராஜ் போன் செய்திருந்தார். 'தம்பி, தம்பி பொண்டாட்டி, புள்ள, எல்லாரையும் எங்க எங்க இருந்தாங்களோ அங்கங்க வச்சிடும்மா' என்று சொல்லியிருந்தார். மிச்சத்திலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது திரும்ப முளைத்தது. அப்பளத் தாத்தா தன் இலைக்கே போய்ச் சேர்ந்தார்.

போனை வைப்பதற்கு முன் தேவராஜ் இன்னொன்றும் கேட்டிருந்தார். மேடையில் தம்பி இல்லாமல் எடுத்த குடும்பப் படத்தை இப்போது மறுபடி எடுத்து வீடியோவில் சேர்க்க முடியுமா என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தா கேமராவை எடுத்துக்கொண்டு ஏழுமலையின் வீட்டுக்குப் போனார். மஹீராவும் கூடவே போனாள்.

வாசலில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பானு அக்காவும் அவர் கணவரும் நடுவில். ஒரு பக்கம் தேவராஜ், மறுபக்கம் ஏழுமலை. கல்யாணத்துக்குக் கட்டிய புடவைகளையே பெண்கள் மறுபடி கட்டியிருந்தார்கள். அத்தா கேமராவை ஓடவிட்டார்.

ஒருவரும் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. சரண் மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அங்கிள், இது போட்டோ இல்ல, வீடியோ. அசையலாம். பேசலாம்" என்றாள் மஹீரா.

சரண் புஸ்ஸென்று மூச்சை விட்டான். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பானு அக்கா சித்தியின் தலையில் பூவைச் சரிசெய்தார். மாப்பிள்ளைக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். நாற்காலி கைமாறிக் கைமாறிக் கடைசியில் தெருவுக்கே போய்விட்டது. ஏழுமலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததை தேவராஜ் அப்போதுதான் கவனித்தார். "இத்தன வயசாவுது, இன்னும் ஒரு சட்ட போடத் தெரியல உனக்கு" என்று திட்டிக்கொண்டே, எல்லாப் பொத்தானையும் கழற்றி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட ஆரம்பித்தார். ஏழுமலை சின்னப் பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அதை அம்மா படத்தின் கடைசியில் சேர்த்தார். மஹீரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் தேவராஜ் இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது வெட்டி முடிக்கணுமே. இங்க நிறுத்திடட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

மஹீரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தான் ஆயிற்று. ஏழுமலை அண்ணனிடம் ஏதோ சொன்னார். தேவராஜ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"வேணாம்மா. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றாள்.